நான்காவது பட்டன்

பட்டன் அவிழ்ந்ததை அந்த அரங்கத்தில் முதலில் பார்த்தவள் தையல்காரிதான். மற்றவர்கள் எல்லோரும் வாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் மகள் கம்பளத்தின் ஒரு மூலையிலிருந்து ஓடிவந்து, எழும்பி, காற்றிலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறங்கினாள். இறங்கிய காலில் தள்ளாட்டம் இல்லை. வாள் நுனியும் நின்ற இடத்தில் நின்றது. கூட்டம் கைதட்டியது. தையல்காரி மட்டும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை சாட்டின் மேல்சட்டையில், கழுத்திலிருந்து எண்ணினால் நான்காவது பட்டனை மாட்டியிருந்த லூப், சட்டை விளிம்பை விட்டுப் பிய்ந்து பட்டனோடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆளைப் பார்க்காமல் ஆள் போட்டிருக்கும் துணியைப் பார்ப்பது அவள் தொழில் புத்தி. சாவு வீட்டுக்குப் போனாலும் அழுகிறவர்களின் தோள்பட்டைத் தையல் நேராக இருக்கிறதா என்றுதான் கண் முதலில் போகும். இங்கே கேட்கவே வேண்டாம். எட்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு விழா இந்தத் தடவை அவர்கள் ஊருக்கு வந்திருந்தது. ஓட்டம், நீச்சல், பந்தாட்டத்துக்கெல்லாம் பெரிய மைதானங்களைக் கொடுத்துவிட்டு, சீனத்துத் தற்காப்புக் கலையான வூஷூவைப் பழைய கூடைப்பந்து அரங்கத்துக்குள் தள்ளியிருந்தார்கள். அவர்கள் நாட்டு வூஷூ அணியில் இருந்த எட்டுப் பேருக்கும் சட்டை தைத்தவள் அவள். எட்டில் ஒன்று அவள் மகள் சிட்டுவுடையது.

பெண்களுக்கு இரண்டு நாள் போட்டி. முதல் நாள் வாள், மறுநாள் ஈட்டி. இரண்டையும் கூட்டித்தான் பதக்கம். ஆட்டத்தை மட்டுமல்ல, உடுப்பையும் நடுவர்கள் பார்ப்பார்கள். நடுவில் பட்டன் அவிழ்ந்தால் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போச்சு. இந்த விளையாட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு வருஷத்து உழைப்பு.

சிட்டு முன்பே ஆடி முடித்திருந்தாள். நன்றாகத்தான் ஆடினாள். கை நீட்டும்போதெல்லாம் சட்டைக்கை மணிக்கட்டைத் தாண்டி அரை அங்குலம் இறங்கியதைத் தையல்காரி கவனித்தாள். நான்கு நாளாக விடுதிச் சோறு, பிள்ளை இளைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். சிட்டுவுக்கு ஒன்பது புள்ளி ஆறு ஒன்று. இப்போது பேக்கரிக்காரர் மகளுக்குப் பலகையில் விழுந்தது ஒன்பது புள்ளி ஐந்து ஐந்து. பட்டன் ஒழுங்காக இருந்திருந்தால் ஒன்பது புள்ளி ஆறு ஐந்து. கணக்கு வராதவர்கள்கூட அன்றைக்கு அதைக் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரம்மா எழுந்து நின்று திரும்பினாள். கூட்டத்தில் யாரையும் தேடவில்லை. நேராகத் தையல்காரியைப் பார்த்தாள்.

மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அவளைப் பிடித்துக்கொண்டாள் பேக்கரிக்காரம்மா.

"எட்டுப் பேருக்குத் தச்சே. ஏழு பேருக்கு ஒண்ணும் ஆகலை. என் பொண்ணுக்கு மட்டும் எப்படி அவுந்துது?"

"அதாங்க்கா எனக்கும் புரியலை. உங்க பொண்ணு சட்டை லூப் அத்தனையும் நானே கையால மூணு சுத்துப் போட்டு இறுக்குனேன். மாடு கட்டி இழுத்தாலும் வராது."

"வந்துடுச்சே."

"யாரோ வெட்டியிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பேக்கரிக்காரம்மாவுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"யாரு வெட்டுவா? அந்த ரூம்ல என் பொண்ணோட தங்கியிருக்கிறது உன் பொண்ணு ஒருத்திதான். நீயே சொல்லிட்டே, நான் சொல்லலை."

"அக்கா, வார்த்தையை அளந்து பேசுங்க."

"நீ துணியை அளந்து தச்சியா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்குத் தெரியாதா?"

சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார். ஒல்லியான மனுஷன். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஏழு வருஷமாக இரண்டு பெண்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். பதினொரு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் மூங்கில் குச்சியோடு ஆரம்பித்தது. அவர் கையில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் அந்தச் சட்டை.

"இது என்கிட்ட இருக்கும், யாரும் தொட வேணாம்" என்றார். "புகார் எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஈட்டி. எட்டு மணிக்கு ரெண்டு வீட்டுக்காரங்களும் என் ரூமுக்கு வாங்க. இதுல உங்க வீட்டுக் கை இருக்குன்னு தெரிஞ்சா சிட்டுவை நான் இறக்க மாட்டேன்."

"மாஸ்டர், ஏழு வருஷம்..."

"அது எனக்கும் ஏழு வருஷம்தாம்மா. கூட ஆடுறவளைக் கெடுத்து ஜெயிச்சாங்கன்னு பேர் வந்தா, அடுத்த வருஷம் அணியே இருக்காது. இன்னைக்குச் சிட்டு வீட்டுல இருக்கட்டும். ரெண்டும் ஒரே ரூம்ல வேணாம்."

தையல்காரி வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், நடுவில் வெட்டும் மேஜை, சுவரில் ஆணி ஆணியாக நூல்கண்டு. மழை வரப்போகிற புழுக்கம். மேஜை மேல் வெள்ளை சாட்டின் துண்டுகள் இன்னும் கிடந்தன. சாட்டின் ஒரு பொல்லாத துணி. ஊசி ஒருதரம் இடம் மாறிக் குத்தினால் அந்தத் துளை சாகும்வரை இருக்கும். வழுக்கும், சுருங்கும், வியர்வைக் கை பட்டால் கறை. அந்த எட்டுச் சட்டைக்காக ஒரு மாதம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையைக் கழுவிக் கழுவி உட்கார்ந்திருந்தார்கள் அவளும் அவள் நாத்தனாரும். நாடாவை முறுக்கி முடிச்சுப் பட்டன் போடுவது நாத்தனார் வேலை. சட்டைக்கு ஐந்தாக நாற்பது முடிச்சு. லூப் தைப்பது தையல்காரியின் வேலை.

நாத்தனார் வாசலிலேயே கேட்டாள். "என்ன அண்ணி, முகம் இப்படி இருக்கு? சிட்டு தோத்துட்டாளா?"

"பேக்கரிப் பொண்ணு பட்டன் அவுந்துடுச்சு."

"ஐயையோ" என்றாள் நாத்தனார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாயைப் பொத்தியதைத் தையல்காரி பார்த்தாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பேக்கரிக்காரம்மாவுக்கு ஒரு பழக்கம். துணி வாங்க வந்தால் பட்டனை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவாள். தையல்காரிக்கு உடம்பெல்லாம் எரியும். இழுத்துப் பார்ப்பதென்றால் என்ன அர்த்தம்? உன்னை நம்பவில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வதுதானே. சட்டைகளைக் கொண்டுபோக வேன் வந்த நாளிலும் அப்படித்தான். சட்டைக்கை அரை அங்குலம் போதவில்லை, அரை அங்குலம் இறக்கு என்று மூன்றாவது தடவையாக வந்து நின்றாள். கையைப் பிரித்து, இறக்கி, மறுபடி தைத்து, அயர்ன் போட்டுக் கொடுத்தால், எல்லாம் முடிந்த பிறகு ஐந்து பட்டனையும் இழு இழு என்று இழுத்தாள். அவள் படி இறங்கியதும் நாத்தனார் முணுமுணுத்தாள்: "ஒருநாள் அவுந்து விழும், அன்னைக்குத் தெரியும் இவளுக்கு."

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள்.

"ஏம்மா, வேன் வந்தப்போ சட்டையெல்லாம் கவர்ல போட்டது நீதானே?"

"நாம ரெண்டு பேரும்தான் போட்டோம்."

"அவ சட்டையைப் போட்டது யாரு?"

நாத்தனார் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தாள். "என்ன அண்ணி கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற கேள்வியா இது? கோவத்துல ஒரு வார்த்தை சொன்னா நான் போய் வெட்டிடுவேனா? என் கையால போட்ட முடிச்சு அது. அதைப் போய் நானே..." ஊசிப் பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டாள். "நான் வர்றேன். இனிமே நீங்களே முடிச்சுப் போட்டுக்குங்க."

தடுத்திருக்கலாம். தையல்காரி தடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும், இல்லையென்றால் ஏன் இவ்வளவு கோபம் என்று ஒரு கெட்ட நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் டிரைவரான அவள் புருஷன் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது விஷயம் அவனுக்கு முன்பே டெப்போவுக்குப் போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"கண்டக்டர் கேக்கறான், 'உங்க வீட்டம்மா கத்திரியில நல்ல கூர் போல'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? சிரிச்சேன்." கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டு நின்றான். "ஏம்மா, உண்மையைச் சொல்லு. எனக்குள்ளயே இருக்கும். சின்னதா ஏதாவது...?"

"சின்னதான்னா?"

"இல்ல, ஒரு தாய் மனசு..."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பேண்ட்டின் அடிமடிப்பில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. ஒரு வருஷமாக அப்படித்தான். தைத்துத் தருகிறேன், தைத்துத் தருகிறேன் என்று சொன்ன பேண்ட். "ஊருக்கெல்லாம் தைக்கிறவ புருஷன் ஊக்குப் போட்டுகிட்டு பஸ் ஓட்டுறான்" என்று அவன் சொல்லாத ஆள் கிடையாது. வாடிக்கைக்காரர் துணி முதலில், வீட்டுத் துணி கடைசியில். அது அவள் கடையின் சட்டம். வீட்டு மனுஷர்கள் எங்கே ஓடிவிடப்போகிறார்கள்?

"சாப்பிடுங்க" என்றாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் சிட்டு வந்தாள். தோளில் பை, கையில் துணி சுற்றிய ஈட்டி. முகத்தைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சோறும் பருப்பும் அவித்த முட்டையும். மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் பாதி நேரம் பேசாமலிருக்க ஒரு சாக்குக் கிடைத்தது.

"அத்தை எங்கே?"

"வீட்டுக்குப் போயிட்டா."

"விடுதில எல்லாரும் என்னைப் பாக்கறாங்கம்மா. அவ பேசவே மாட்டேங்கறா. முகத்தைக்கூட நிமித்தலை." முட்டையைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "நீ எனக்காகப் பண்ணியிருந்தா சொல்லிடும்மா. நான் நாளைக்கு இறங்கலை. அப்படி வர்ற பதக்கம் வேணாம்."

வெளியாள் சொன்னால் சண்டை போடலாம். புருஷன் சொன்னால் முறைக்கலாம். இவள் சொன்னால் என்ன செய்வது? வலித்த இடத்திலிருந்து வார்த்தை தானாகவே வந்தது.

"பை உன் ரூம்லதானே இருந்துது. நீ...?"

சிட்டு தட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து கை கழுவப் போனாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாஸ்டர் அறையில் ஐந்து பேர். அது அறைகூட இல்லை, சாமான் வைக்கிற இடம். சுருட்டிய விரிப்புகள், மூலையில் ஈட்டிக் கட்டு, தசைப்பிடிப்புக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை. பேக்கரிக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் பின்னால் நின்று தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள், ஆனால் ஒரு கை தூரம் விட்டு. டிரைவருக்குக் காலை ஷிஃப்ட்.

மாஸ்டர் பையைப் பிரித்துச் சட்டையைத் தையல்காரியிடம் கொடுத்தார். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க. வெட்டா, பிய்ஞ்சதா?"

அவள் சட்டையைத் திருப்பினாள். எந்தச் சட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் காலரின் உள்பக்கத்தைப் பார்ப்பது அவள் வழக்கம். எட்டும் ஒரே வெள்ளை, ஒரே சிவப்புக் காலர். மாறிவிடாமலிருக்க காலருக்குள் ஆளுக்கொரு நிறத்தில் ஒரு பொட்டு நூல் போட்டிருந்தாள். பேக்கரிக்காரர் மகளுக்கு மஞ்சள். சிட்டுவுக்குப் பச்சை.

இதில் இருந்தது பச்சை.

விரல் தானாகவே நான்காவது பட்டனுக்குப் போனது. விளிம்பில் வெட்டு இல்லை. மூன்று சுற்று இறுக்கலும் இல்லை. ஒற்றை நூலோட்டம். நிரந்தரத் தையல் போடுகிறவரை துணி நகராமலிருக்கப் போடுவார்களே, அந்தத் தற்காலிகத் தையல். அதன் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கடைசிச் சட்டை சிட்டுவுடையது. மற்ற லூப்பையெல்லாம் இறுக்கிவிட்டு, நூலோட்டத்தில் நின்ற நான்காவதை இறுக்க ஊசி கோத்தபோதுதான் பேக்கரிக்காரம்மா அரை அங்குலத்தோடு வந்தாள். அந்தக் கையை இறக்கி முடிப்பதற்குள் வாசலில் வேன் ஹாரன். எட்டையும் அள்ளிக் கவரில் போட்டு அனுப்பியாயிற்று.

அந்த நூல் நிறம் அவளுக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் பழி தன் தலையில். சொன்னால், சட்டையை மாற்றினாள் என்று மகள் தலையில். எதைச் செய்தாலும் சிட்டு இறங்கப்போவதில்லை. அப்படியானால் உண்மையையே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"இது அந்தப் பொண்ணு சட்டை இல்லை, மாஸ்டர். சிட்டுவோடது. சிட்டு, உன் சட்டையை எடு."

சிட்டு பையிலிருந்து எடுத்தாள். காலருக்குள் மஞ்சள்.

"கை நீளமா இருந்துதும்மா" என்றாள் சிட்டு. அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "நீ அளவு தப்பா எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"பாருங்க மாஸ்டர்" என்று பேக்கரிக்காரம்மா எழுந்தாள். "நான் சொல்லலை? நல்ல சட்டையை இவ எடுத்துகிட்டு அவுந்துபோறதை என் பொண்ணு கவர்ல வச்சிருக்கா."

"அது அவுந்துபோகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கம்மா சொல்லியிருப்பா."

"நான்தான் மாத்துனேன்."

சொன்னது பேக்கரிக்காரர் மகள். நகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நீ சும்மா இரு" என்றாள் அவள் அம்மா.

"நீதானேம்மா ஒரு மாசமா சொன்னே? அவ மகளுக்கு ஒரு மாதிரி தைப்பா, உனக்கு ஒரு மாதிரி தைப்பா, பார்த்துப் போடு, பார்த்துப் போடுன்னு. எனக்குப் பயமா இருந்துது. சிட்டு குளிக்கப் போனப்போ கவரை மாத்திட்டேன். அவளுக்கு அவங்கம்மா தச்சது எப்படியும் கெட்டியா இருக்கும்னு..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. "நேத்தே சொல்லியிருக்கணும் மாஸ்டர். நீங்க என்னை இறக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்."

வெளியே யாரோ கம்பளத்தைப் பெருக்குகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார் மாஸ்டர். "மாத்துனது தெரிஞ்சுது. ஆனா சிட்டு சட்டை ஏன் அவுந்துது? அதைச் சொல்லுங்கம்மா."

தையல்காரி சொன்னாள். நூலோட்டம் என்றால் என்ன, நிரந்தரத் தையல் என்றால் என்ன, வேன் எப்போது வந்தது, எல்லாம் சொன்னாள். பெற்ற மகளுக்காகக் கள்ளத்தனம் செய்தவள் என்று நேற்றிலிருந்து ஊர் பார்த்த பார்வைக்கு எதிராக, பெற்ற மகள் சட்டையைக்கூட முடித்துக் கொடுக்காதவள் என்பதுதான் அவளிடமிருந்த ஒரே சாட்சி. சொல்லச் சொல்ல, செய்யாத குற்றத்தைச் சுமந்ததைவிட இது கனமாக இருந்தது.

பேக்கரிக்காரம்மா சட்டையை வாங்கி அந்த ஒற்றை நூலைப் பார்த்தாள். "உன் பொண்ணுக்கா இப்படித் தச்சே?" என்று கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

மாஸ்டர் புகாரைக் கிழித்தார். "ரெண்டு பேரும் இறங்குங்க. கழிச்ச புள்ளி கழிச்சதுதான். அவங்கவங்க சட்டையை அவங்கவங்க போட்டுக்குங்க. போங்க."

ஒன்பதே கால். நடைவழியில் ஒரு மர பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்தாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூலைக் கோத்தாள். மாலை நாத்தனார் வீட்டுப் படியும் ஏற வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. மாஸ்டர் அறைப் படியைவிட அது உயரம். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. போதாதென்று நான்காவதும் போட்டு முடிச்சிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். மற்ற நான்கு லூப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

சிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி உன்னைக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் தையல்காரி. "தப்புதான்."

"நானும்தான் உன்னைக் கேட்டேன்."

"நீ கேக்கலாம்."

"என்னுது எப்பவும் நீ கடைசிலதான் தைப்பேன்னு தெரியும்மா. அதுக்கு நான் ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்லை. ஆனா எப்படியும் முடிச்சுடுவேன்னு நெனச்சேன்." சிட்டு குரலை உயர்த்தவில்லை. "அவ உன்னை நம்பலை, அதனால நான் தப்பிச்சேன். அவளும் உன்னை நம்பி மாத்தாம விட்டிருந்தா எனக்குத்தான் அவுந்திருக்கும்."

தையல்காரி சட்டையை உதறி, மடிப்பை நீவி, மகளிடம் நீட்டினாள்.

சிட்டு பிறந்த நாளிலிருந்து அம்மா தைத்த துணியைத்தான் போட்டிருக்கிறாள். ஒருதரமாவது விரித்துக்கூடப் பார்த்ததில்லை. கொடுத்தால் தலையில் மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். இன்றைக்குச் சட்டையை வெளிச்சத்துப் பக்கம் கொண்டுபோனாள். முதல் பட்டனை மாட்டி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். பிறகு இரண்டாவதை. பிறகு மூன்றாவதை.

உள்ளே ஒலிபெருக்கியில் ஈட்டிக்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

நான்காவதுக்கு வந்தபோது அவள் கை கொஞ்சம் தயங்கியது. அம்மாவைப் பார்த்தாள்.

"பலமா இழு" என்றாள் தையல்காரி.

சிட்டு பலமாக இழுத்தாள். ஐந்தாவதையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.